கல்லடி மணலில் ஒரு பின்வளவுக் குளியலறை: பல மாரிகளுக்குப் பிறகு

வளவின் பின்மூலையில் விருந்தாளிகள் தங்கும் அறையோடு ஒரு குளியலறை கட்டிப் பல மாரி கடந்துவிட்டது. டைலையும் ஷவரையும் பற்றிக் கேட்டால் கடையைக் காட்டிவிடலாம். நான் சொல்ல வருவது நிலத்துக்குக் கீழே போன பைப்பையும் கூரைக்கு மேலே போன பைப்பையும் பற்றி.

மட்டக்களப்பின் கல்லடி, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் நிலம். கோடையில் கிணற்றின் அடியில் கிடக்கும் தண்ணீர் மார்கழியில் மேலே ஏறி வந்துவிடும். அதனால் ஆழமாகத் தோண்டிச் சரிவு எடுக்கலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. 110 மில்லிமீற்றர் பைப்புக்கு 40 அடிக்கு 1 அடி இறக்கம் வைத்தோம். கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாமல் மலக்குழிக்கு இடம் பார்த்து, அதற்குள் பைப் நுழையும் உயரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி நூல் பிடித்துத்தான் குளியலறையின் தள உயரத்தை முடிவு செய்தோம். தளம் இரண்டு படி உயர்ந்துவிட்டது. அம்மாவுக்கு ஏறச் சிரமம் என்று கைபிடி போட்டோம். ஆனால் கடும் மாரியிலும் கொமட் தண்ணீர் தேங்கி நின்றதில்லை. மலக்குழியிலிருந்து வெளியேறும் தண்ணீர் ஊறும் குழியையும் ஆழமாக வெட்டாமல் அகலமாக வெட்டியது நல்ல முடிவு. நீங்கள் மலக்குழியாகப் பிளாஸ்டிக் தாங்கி புதைப்பதாக இருந்தால் மாரிக்கு முன் அதில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். வெறுமையாக இருந்தால் நிலத்தடி நீர் அதை மேலே தள்ளிவிடும்.

அடுத்தது காற்றுப் பைப். "மலக்குழியில ஒரு காத்துப் பைப் இருக்குத்தானே அண்ண, அது காணும்" என்றார் மேசன். பலரும் இதைத்தான் சொல்வார்கள். மலக்குழி தூரத்தில் இருக்கும்போது அது காணாது. வாளித் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் அது பைப்பை நிறைத்துக்கொண்டு ஓடும். பின்னால் காற்று இழுபடும். காற்று வர வேறு வழி இல்லையென்றால், கொமட்டின் வளைவில் நாற்றத்தை மறிக்க நிற்கிற 2 அங்குலத் தண்ணீரையே இழுத்துக்கொண்டு போய்விடும். பிறகு எவ்வளவு பினாயில் ஊற்றியும் பயனில்லை. ஆகவே கொமட்டுக்குக் கிட்டவே, பைப்பின் மேற்பக்கத்திலிருந்து 63 மில்லிமீற்றர் பைப் ஒன்றை எடுத்து, கூரைக்கு மேலே, ஜன்னலுக்குத் தள்ளி விட்டோம். 1978 புயலைக் கண்ட ஊர் என்பதால் சுவரோடு நெருக்கமாகக் கிளிப் அடித்தோம். வெயிலில் பிவிசி நொறுங்காமலிருக்க பெயின்ட்டும் பூசினோம். செலவைப் பார்த்தால் இந்த ஒரு பைப் பெரிதல்ல. இன்றுவரை அந்த அறையில் நாற்றம் இல்லை என்றால் முக்கிய காரணம் இதுதான்.

திருப்பங்களில் 90 பாகை எல்போ வேண்டாம். 45 பாகை இரண்டைச் சேர்த்துப் போடுங்கள், பக்கத்தில் திறந்து துப்புரவாக்க ஒரு மூடியும் வையுங்கள். குளிக்கிற தண்ணீர் தனிப் பைப்பில் வாழைக்குப் போகிறது. மலக்குழிக்கும் சுமை குறைவு.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆள் புழங்காத குளியலறையின் வளைவுத் தண்ணீர் வற்றிவிடும். கிழமைக்கு ஒருதரம் ஒரு வாளி ஊற்றினால் சரி. காற்றுப் பைப்பின் வாயில் கட்டிய வலையை மாரிக்கு முன் ஏணி வைத்துப் பார்க்கிறோம். தூசி அடைத்தால் காற்று வராது, கிழிந்தால் நுளம்பு உள்ளே போய் முட்டையிடும்.