சீன மாணவர்களும் ஆங்கிலத் தேர்வுகளும்: பல வருஷம் புழங்கிப் பார்த்ததில்

சீனாவில் ஆங்கிலம் படித்த ஒருவர் என்னிடம் முதல் வகுப்புக்கு வரும்போது கையில் ஓர் எண்ணோடுதான் வருவார். நுழைவுத்தேர்வில் 150க்கு 128, கல்லூரி மாணவர்களுக்கான ஆங்கிலத் தேர்வான சிஇடியின் நான்காம் நிலையில் 512, ஐஇஎல்டிஎஸ்ஸில் 6 என்று ஏதாவது ஒன்று. "உங்கள் ஆங்கிலம் எப்படி?" என்று கேட்டால் அந்த எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். மேற்கொண்டு ஒரு வாக்கியம் வராது.

நான் இருப்பது சிங்கப்பூரில். சீனாவில் இருக்கும் மாணவர்களுக்கு இணையம் வழியாக ஆங்கிலம் எடுப்பதுதான் பிழைப்பு. ஆரம்பத்தில் பள்ளிப் பிள்ளைகள். 2021 ஜூலையில் சீன அரசு பள்ளிப் பாடங்களுக்கான தனியார் டியூஷனைக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பதும் அதோடு போயிற்று. அப்புறம் கல்லூரி மாணவர்கள், மேல்படிப்புக்கு வெளிநாடு கிளம்புகிறவர்கள் என்று ஆனது. இந்தத் தேர்வுகளின் மதிப்பெண்களை வைத்துத்தான் தினமும் பாடம் திட்டமிடுகிறேன். தயாரிப்பு வழிகாட்டிகள் நிறையவே கிடைக்கின்றன, அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. ஒருவரின் ஆங்கிலத்தை அளக்க இவை எவ்வளவு தூரம் உதவுகின்றன என்பதுதான் என் கேள்வி.

முதலில் காவ்காவ். ஜூன் 7ஆம் தேதி தொடங்கும் கல்லூரி நுழைவுத்தேர்வு. ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண், இரண்டு மணி நேரம். இதில் வரும் கடிதக் கேள்வியைப் பார்த்துப் பார்த்து எனக்கே பழகிவிட்டது. "உன் பெயர் லி ஹுவா" என்று தொடங்கும். வெளிநாட்டு நண்பனுக்கு விழா அழைப்பு எழுதுவான், ஆலோசனை சொல்வான், மன்னிப்புக் கேட்பான். தலைமுறை தலைமுறையாக இதே லி ஹுவாதான் எழுதிக்கொண்டிருக்கிறான், அவனுக்கு வயதே ஆவதில்லை. கையெழுத்துக்கும் தனிப் பயிற்சி உண்டு. விடைத்தாள்களை ஸ்கேன் செய்து திரையில் வைத்துத் திருத்துவதால், அச்சடித்தாற்போல உருண்டையான, ஒன்றோடொன்று ஒட்டாத எழுத்துகளை எழுதப் பழக்குகிறார்கள். ஹெங்ஷுய் என்ற ஊரின் பெயரில் அந்தக் கையெழுத்துப் பாணி நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்து அனுப்பினால் எது யாருடையது என்று எனக்குச் சட்டென்று தெரியாது.

ஆனால் இதே தேர்வில்தான் நான் மிகவும் மதிக்கும் ஒரு கேள்வியும் இருக்கிறது. கதையைத் தொடர்ந்து எழுதுவது. ஏறத்தாழ முந்நூற்றைம்பது சொற்களில் பாதிக் கதை கொடுப்பார்கள். அடுத்த இரண்டு பத்திகளின் முதல் வாக்கியங்களும் இருக்கும். மீதியை நூற்றைம்பது சொற்களில் முடிக்கவேண்டும், 25 மதிப்பெண். வாசிக்கவும் தெரியவேண்டும், எழுதவும் தெரியவேண்டும், கதையில் யார் எங்கே நிற்கிறார் என்ற நினைவும் வேண்டும். ஒரு பிள்ளையின் ஆங்கிலம் எந்த இடத்தில் உடைகிறது என்பதை வேறு எந்தக் கேள்வியும் இவ்வளவு சுருக்கமாகக் காட்டியதில்லை. புதிதாக வரும் மாணவருக்கு வயது என்னவாக இருந்தாலும், அவர் நுழைவுத்தேர்வு எழுதிப் பல வருஷம் ஆகியிருந்தாலும், இப்படி ஒன்றைக் கொடுத்துப் பார்க்கிறேன். ஒரே தொல்லை, இதற்கும் மனப்பாடம் வந்துவிட்டது. கண்களில் நீர் திரண்டது, இதயம் படபடத்தது, சூரிய ஒளி முகத்தில் பட்டது என்று உணர்ச்சி வாக்கியங்களைப் பட்டியல் போட்டு விற்கிறார்கள். நாய்க்குட்டி தொலைந்த கதையிலும் ஓட்டப்பந்தயக் கதையிலும் அதே கண்ணீர்தான் வழிகிறது. அந்த வாக்கியங்களை அடித்துவிட்டு மிச்சத்தைத்தான் படிப்பேன்.

பேச்சுக்கு இந்த 150இல் பெரும்பாலான மாகாணங்களில் இடமில்லை. குறை சொல்வது எளிது. 2024இல் நுழைவுத்தேர்வுக்குப் பதிந்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். அத்தனை பேரையும் உட்காரவைத்துப் பேசவிட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போட ஆளுக்கு எங்கே போவது? பெய்ஜிங்கிலும் குவாங்டாங்கிலும் கணினி முன்னால் பேசும் பகுதியைச் சேர்த்திருக்கிறார்கள். குவாங்டாங்கில் ஒரு காணொளியைக் கேட்டு அதே ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கவேண்டும், கேள்வி கேட்டுப் பதில் சொல்லவேண்டும், கேட்ட கதையைத் திரும்பச் சொல்லவேண்டும். அங்கிருந்து வரும் மாணவர்களிடம் ஒரு வித்தியாசம் தெரியும். உச்சரிப்பில் பெரிய மேன்மை ஒன்றும் இல்லை, ஆனால் மைக்கைப் பார்த்துப் பயப்படமாட்டார்கள். கேள்வி வந்ததும் வாயைத் திறப்பார்கள். எனக்கு ஒரு மாத வேலை மிச்சம்.

கல்லூரிக்குப் போனதும் சிஇடி. 1987இல் நான்காம் நிலையும் இரண்டு வருஷம் கழித்து ஆறாம் நிலையும் வந்தன. வருஷத்துக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும் ஒரு சனிக்கிழமை நடக்கும். காலையில் நான்காம் நிலை, மதியம் ஆறாம் நிலை. கட்டணம் சில பத்து யுவான்தான். கேட்கும் பகுதியைப் பல கல்லூரிகளில் இன்னும் வளாகத்துக்குள் எஃப்எம் வானொலியில் ஒலிபரப்புகிறார்கள். மாணவர்கள் ரேடியோ வைத்த ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, குறித்த அலைவரிசையைப் பிடித்து உட்காரவேண்டும். முந்தின நாள் பேட்டரி மாற்றுவது ஒரு சடங்கு. கேட்டல் முடிந்த கையோடு கட்டுரையும் கேட்டல் விடைகளும் உள்ள முதல் விடைத்தாளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கட்டம் நிரப்ப மறந்தவர் மறந்தவர்தான். "சத்தம் கரகரவென்று வந்தது டீச்சர்" என்ற புகாரை ஒவ்வொரு ஜூனிலும் கேட்கிறேன். அதில் எவ்வளவு ரேடியோ, எவ்வளவு தூக்கம் என்று பிரிக்கமுடியாது.

இதன் மதிப்பெண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது அவசியம். மொத்தம் 710. கேட்டலுக்கும் வாசிப்புக்கும் தலா 249, கட்டுரையும் மொழிபெயர்ப்பும் சேர்ந்து 212. 2005 சீர்திருத்தத்துக்குப் பிறகு தேர்ச்சி, தோல்வி என்று சான்றிதழில் போடுவதில்லை. ஆனால் 425 எடுத்தால்தான் ஆறாம் நிலை எழுதமுடியும் என்பதால் எல்லோர் மனதிலும் பாஸ் மார்க் அதுதான். வாசிப்பில் 190, கேட்டலில் 110, எழுத்தில் 130 எடுத்தாலும் 430 வந்துவிடும். காதில் விழுவது பாதி புரியாமலே தாண்டிவிடலாம். வாயைத் திறக்கவே வேண்டாம், பேச்சுத் தேர்வு தனி, விருப்பமிருப்பவர் எழுதலாம். அதனால் "நான் 430" என்று ஒருவர் சொன்னால், எங்கே வந்த 430 என்று கேட்பேன். மதிப்பெண் அறிக்கையில் பிரிவுவாரியாக இருக்கிறது. யாரும் அதைப் பார்ப்பதில்லை.

சிஇடியில் எனக்குப் பிடித்தது 2013 டிசம்பரிலிருந்து வரும் பத்தி மொழிபெயர்ப்பு. நூற்று நாற்பது, நூற்றறுபது எழுத்துகளில் சீனத்தில் ஒரு பத்தி. தேநீர், சீன முடிச்சு, காகிதம் வெட்டும் கலை, கிராமப் பொருளாதாரம் என்று சொந்த ஊர் விஷயமாகவே இருக்கும். அதை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். மொழிபெயர்ப்பு பழைய காலத்துப் பயிற்சி என்று ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கட்டுரை என்றால் தெரிந்த வாக்கியத்தை மட்டும் எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம், இங்கே அந்த வழி கிடையாது. எழுவாய் இல்லாத சீன வாக்கியத்துக்கு ஓர் எழுவாயைத் தேடியாகவேண்டும். காலம் காட்டாத வினைக்கு ஒரு காலத்தைக் கொடுத்தாகவேண்டும்.

கட்டுரைகளைப் பற்றி இன்னொன்று. கல்லூரிகளில் பரவலாகப் புழங்கும் தானியங்கித் திருத்தும் தளம் ஒன்று இருக்கிறது. கட்டுரையை ஏற்றினால் உடனே நூற்றுக்கு இத்தனை என்று வரும், மாற்றி மாற்றி ஏற்றலாம். ஒரு மாணவி திரையைப் பகிர்ந்து எனக்குக் காட்டினாள். 'இம்பார்ட்டன்ட்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ரூஷியல்' போட்டாள், மதிப்பெண் ஏறியது. இரண்டு வாக்கியங்களை 'விச்' போட்டு ஒட்டினாள், இன்னும் ஏறியது. மூன்றாவது பத்தியில் அவள் சொன்னதற்கு நேர்மாறாக நான்காவது பத்தி இருந்தது. அதைத் தளம் கண்டுகொள்ளவே இல்லை. பன்மைக்கு 'எஸ்' விட்டுப்போனதைப் பிடிக்க அது நல்ல கருவி, அதற்குமேல் நம்பவேண்டாம்.

ஐஇஎல்டிஎஸ் வேறு உலகம். சீனாவில் பிரிட்டிஷ் கவுன்சிலும் சீனத் தேசியத் தேர்வு அமைப்பும் சேர்ந்து நடத்துகின்றன. கட்டணம் இரண்டாயிரம் யுவானுக்கு மேல், ஆகவே குடும்பமே உட்கார்ந்து தேதி குறிக்கும். பல்கலைக்கழகங்கள் 6.5 என்று கேட்கின்றன. அந்த 6.5இல் ஒரு சூட்சுமம் உண்டு. கேட்டல் 6.5, வாசிப்பு 7.5, எழுத்து 5.5, பேச்சு 5.5 என்றால் சராசரி 6.25, அதை மேலே தள்ளி 6.5 கொடுப்பார்கள். நான்கிலும் 6.5 எடுத்தவருக்கும் அதே 6.5தான். முதலாமவர் நூலகத்தில் பிழைத்துக்கொள்வார், கருத்தரங்கு வகுப்பில் வாய் திறக்கமாட்டார். சீனத்திலிருந்து வருபவர்களில் பெரும்பாலோர் முதல் ரகம். வாசிப்பு மேலே, எழுத்தும் பேச்சும் கீழே. இத்தனை வருஷம் எதைச் சோதித்தார்களோ அதுதான் வளர்ந்திருக்கிறது, இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பேச்சுத் தேர்வு பதினொன்றிலிருந்து பதினான்கு நிமிடம். நடுவில், இரண்டாம் பகுதியில், தலைப்பு எழுதிய ஓர் அட்டை கொடுப்பார்கள், ஒரு நிமிடம் யோசித்து இரண்டு நிமிடம் வரை பேசவேண்டும். இந்தக் கேள்வித் தொகுப்பு ஜனவரி, மே, செப்டம்பரில் மாறும். எழுதிவிட்டு வந்தவர்கள் நினைவிலிருந்து கேள்விகளைச் சொல்லச் சொல்ல, ஓரிரு வாரத்தில் பட்டியல் தயாராகிவிடும். பட்டியலுக்கு ஏற்ற பதில்களும் உடனே விற்பனைக்கு வரும். அதிலும் புத்திசாலித்தனமாக, ஒரே கதையைப் பல அட்டைக்குப் பொருத்துவார்கள். சாங்ஷாவிலிருந்து ஒரு பையன் மாதிரித் தேர்வுக்கு வந்தான். மதிக்கும் மூத்தவர், அமைதியான இடம், மறக்கமுடியாத பரிசு, கற்றுக்கொண்ட திறன் என்று நான்கு அட்டைக்கும் அவனிடம் ஒரே தாத்தா. தாத்தா மதிப்புக்குரியவர், அவர் மீன் பிடிக்கும் ஏரிக்கரை அமைதியான இடம், தூண்டில் பரிசு, மீன்பிடித்தல் திறன். ஒரு பிழை இல்லாமல் ஓடியது.

"அந்த ஏரியில் என்ன மீன் கிடைக்கும்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மை கிராண்ட்ஃபாதர்... ஷி... ஷி டெல் மீ, பட் ஐ ஃபர்கெட்."

தாத்தா பாட்டியாகிவிட்டார், இறந்தகாலமும் போய்விட்டது. சீனப் பேச்சில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே ஒலி, வினைச்சொல்லும் காலத்துக்கு மாறாது. அதனால் சொந்தமாக யோசித்துப் பேசும்போதுதான் 'ஹி'யும் 'ஷி'யும் குழம்பும். மனப்பாடத்தில் குழம்பாது. இது எனக்குக் கிடைத்த மிக மலிவான சோதனை. ஒரு மாணவர் ஐந்து நிமிடம் பேசி ஒரு 'ஷி'கூடத் தவறவில்லை, ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தம் கொஞ்சம் ஒட்டவில்லை என்றால், எங்கோ எழுதிவைத்ததைப் படிக்கிறார் என்று அர்த்தம். நம் தமிழ்ப் பிள்ளைகளிடம் இந்தக் குழப்பத்தைப் பார்க்கமாட்டீர்கள், வினைமுற்று வரைக்கும் நமக்கு ஆண், பெண் வருகிறதே. ஆர்டிகிள் விஷயத்தில் மட்டும் நமக்கும் அவர்களுக்கும் ஒரே கதிதான்.

நேர்முகத் தேர்வாளர்களுக்கும் இதெல்லாம் தெரியும். மூன்றாம் பகுதியில் அட்டையிலிருந்து விலகிப் பொதுவான கேள்விகளைக் கேட்டுத் துருவுவார்கள், மனப்பாடம் அங்கே நிற்காது. ஐஇஎல்டிஎஸ் பேச்சு மதிப்பெண்ணை நான் இன்னும் நம்புவதற்கு அந்தக் கடைசி நான்கைந்து நிமிடம்தான் காரணம். இரண்டாம் பகுதியோடு நிறுத்தியிருந்தால் நம்பமாட்டேன்.

டுவோலிங்கோ தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2020 தொடக்கத்தில் சீனாவில் தேர்வு மையங்கள் மூடப்பட்டபோது பலருக்குக் கைகொடுத்தது. வீட்டிலிருந்தே எழுதலாம், ஒரு மணி நேரம், 160க்கு மதிப்பெண், இரண்டு நாளில் முடிவு. சொற்களில் பாதி எழுத்துகளை எடுத்துவிட்டு நிரப்பச் சொல்லும் பகுதி அருமை, சொல்வளத்தையும் இலக்கணத்தையும் சேர்த்துத் தொட்டுவிடுகிறது. ஆனால் கண் திரையை விட்டு விலகக்கூடாது என்ற விதி, யோசிக்கும்போது கூரையைப் பார்க்கும் பிள்ளைகளுக்குப் பெரிய அவஸ்தை. விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகம் இதை ஏற்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் அப்புறம் இப்போது என் நடைமுறை இதுதான். முதல் வகுப்பில் எண்ணைச் சொல்ல விடுவதில்லை. கல்லூரி வாசலிலிருந்து பக்கத்து மெட்ரோ நிலையத்துக்கு எப்படிப் போவது என்று எனக்கு வாயால் சொல்லவேண்டும், பிறகு அதையே எழுதவேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். எழுத்தில் எல்லாம் சரியாக இருந்து பேச்சில் காலமும் பன்மையும் உதிர்கிறதென்றால் பாடப்புத்தகம் வேண்டாம், பேச்சு நேரம்தான் வேண்டும். எழுத்திலும் உதிர்கிறதென்றால் கதைத் தொடர்ச்சி, பத்தி மொழிபெயர்ப்பு என்று அவர்கள் ஊர்த் தேர்விலிருந்தே எடுத்துக் கொடுப்பேன். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன, காசு செலவில்லை. மதிப்பெண் அறிக்கையை இதற்குப் பிறகுதான் கேட்பேன், அதிலும் பிரிவுகளை மட்டும் பார்ப்பேன்.

ஐஇஎல்டிஎஸ்ஸுக்குத் தேதி எப்போது எடுப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேள்வி மாறும் மாதத்தின் முதல் வாரம் வேண்டாம் என்று நண்பர்கள் பயமுறுத்தியிருப்பார்கள். திடீர்க் கேள்விக்கு இரண்டு நிமிடம் தாக்குப்பிடிக்கிற மாணவரை நான் அந்த வாரத்துக்குத்தான் பதியச் சொல்கிறேன். பட்டியல் இல்லாததால் அவரே யோசித்துப் பேசுவார், பதில் கேள்வியோடு ஒட்டும். கையில் தாத்தா கதை மட்டும் இருப்பவர் ஒரு மாதம் பொறுத்துப் போகலாம். 5.5 வரும். 6.5 வேண்டுமென்றால் ஏரியில் என்ன மீன் என்று தாத்தாவிடம் கேட்டுக்கொண்டு போகட்டும்.