பழைய கிரீன்ஸ் மோவர் (கோல்ஃப் மைதானப் புல்வெட்டும் மெஷின்) வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: என் 2,85,000 ரூபாய் போச்சு

மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. இந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், வாங்கும்போது எதைப் பார்ப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஒரு 9 குழி கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிப்பு காண்ட்ராக்ட் எடுத்திருக்கிறேன். கிரீனில், அதாவது குழியைச் சுற்றி மெத்தை மாதிரி இருக்கும் இடத்தில், புல் 3 மில்லிமீட்டர் உயரம்தான் நிற்க வேண்டும். வீட்டுத் தோட்டத்து ரோட்டரி மெஷினின் பருப்பு அங்கே வேகாது. சுற்றும் ரீலும், கீழே அசையாமல் இருக்கும் பெட் நைஃபும் சேர்ந்து கத்தரிக்கோல் மாதிரி நறுக்குகிற ரீல் மோவர்தான் வேண்டும். புதிது வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. பழைய இயந்திரங்கள் விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் தேடினேன். ‘இறக்குமதி, ரீகண்டிஷன் செய்தது, 11 பிளேடு, 21 இன்ச்’ என்று விளம்பரம். விலை 2,85,000.

விற்பவனுக்கு வீடியோ கால் போட்டேன். நான் வாய் திறப்பதற்குள், "நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே பேப்பர் வெட்டிக் காட்டிடுறேன்ணே" என்றான். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். வேலை தெரிந்தவன்தான் அப்படிச் சொல்வான் என்று நினைப்பு. செய்தித்தாளில் ஒரு கீற்று கிழித்து, ரீலின் இடது ஓரத்தில் கொடுத்து, கையால் மெதுவாகச் சுற்றினான். நறுக்கென்று துண்டு கீழே விழுந்தது. வலது ஓரத்திலும் வெட்டிக் காட்டு என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. 12 வருடமாக இதே தொழில், தோன்றவில்லை! அன்று மாலையே 2,85,000 அனுப்பினேன்.

லாரியில் மெஷின் வந்தது. பிளேடை எண்ணினேன். எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டேதான். வலது பக்கம் ரீலைப் பிடித்து ஆட்டினால் பேரிங் டக் டக்கென்கிறது. அந்தப் பக்கம் காகிதம் வெட்டுப்படவில்லை, மடிந்து உள்ளே போகிறது. இருந்தாலும் மனசு கேட்காமல் பயிற்சி கிரீனில் ஓட்டிப் பார்த்தேன். பிளேடு குறைந்தால் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே மெஷின் அதிக தூரம் நகர்ந்துவிடும். அதனால் தரை தகரக் கூரை மாதிரி வரிவரியாக ஆகிவிட்டது. எங்கள் கிரீனில் இருப்பது டிஃப்டுவார்ஃப், நம் அருகம்புல்லுக்கு உறவுதான். நுனி பிய்ந்துபோய், மத்தியானத்துக்குள் வெளுத்துவிட்டது. கிளப் செயலாளர் வந்து பார்த்தார், ஒன்றும் பேசாமல் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

போன் செய்தேன். "லாரியில அடிபட்டிருக்கும்ணே." லாரியில் அடிபட்டால் மூன்று பிளேடு உதிர்ந்துவிடுமா? மறுநாள், "பேக்லாப்பிங் பண்ணுங்க, சரியாயிடும்." ரீலைப் பின்பக்கமாகச் சுற்றவிட்டு பேஸ்ட் தடவித் தீட்டுவது மழுங்கிய முனைக்கு வைத்தியம், ஆட்டம் கண்ட பேரிங்குக்கு அல்ல. அதற்கு அடுத்த நாள், "ஓனர் ஊர்ல இல்லண்ணே." பணம் வாங்கும்வரை அவன்தான் ஓனர்! இப்போது நம்பரே எடுப்பதில்லை. தளத்துக்குப் புகார் கொடுத்தால், விற்றவரிடமே பேசிக்கொள்ளுங்கள் என்று இரண்டு வரி பதில், கீழே ‘தீர்க்கப்பட்டது’ என்று முத்திரை. 2,85,000 தீர்ந்தது, அது உண்மை. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன், பார்ப்போம்.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், முடியவில்லை. நேரில் போங்கள். பிளேடை உங்கள் விரலால் எண்ணுங்கள், கிரீனுக்கு 11-க்குக் குறைந்தால் திரும்பி வந்துவிடுங்கள். காகிதத்தை இடது, நடு, வலது மூன்று இடத்திலும் கொடுத்துப் பாருங்கள். மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டரை நம்பாதீர்கள், அதை மாற்றிவிடலாம். ஜிஎஸ்டி பில் இல்லாமல் தனி ஆளின் சேவிங்ஸ் கணக்குக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள், நான் அதைத்தான் செய்தேன்.

இதை எழுதும்போதே அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். அதே போட்டோ, அதே 11 பிளேடு. விலை மட்டும் 2,95,000 ஆகியிருக்கிறது.