கேரவன் ஜெனரேட்டர் சூடாகி நின்றால்: புதுப்பேட்டை பாய் கடை

இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. புதுப்பேட்டையில் ஆதித்தனார் சாலையை விட்டு உள்ளே திரும்பினால், பழைய கார் கதவுகளை அப்பளக் கட்டு மாதிரி அடுக்கி வைத்திருக்கும் சந்து ஒன்று வரும். அதன் கடைசியில் பத்துக்குப் பத்து இடத்தில் ஒரு ஜெனரேட்டர் ரிப்பேர் கடை. “ஜெனரேட்டர் பாய்” என்று கேட்டால் டீக்கடைக்காரர் கையை நீட்டிக் காட்டுவார். பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன். “வேணாம் சார், இருக்கிற வேலையே முடியல” என்றார். அதனால் பாய் என்றே எழுதுகிறேன்.

நான் சாலிகிராமத்தில் இருக்கிறேன். ஷூட்டிங்குக்குக் கேரவன் வாடகைக்கு விடுவது தொழில். ஒரே வண்டி, டிரைவரும் நான்தான், முதலாளியும் நான்தான். இரண்டு அறை, அறைக்கு ஒரு டன் ஏசி ஒன்று, சின்ன ஃப்ரிட்ஜ், மேக்கப் கண்ணாடியைச் சுற்றி பல்புகள். வண்டியின் பின்பக்கம் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் 5 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் (கேவிஏ என்பது எவ்வளவு மின்சாரம் தர முடியும் என்பதற்கான அளவு). ரேடியேட்டர், தண்ணீர் எதுவும் இல்லாமல் காற்றாலேயே குளிரும் ஒற்றை சிலிண்டர் எஞ்சின்.

இந்த மே மாதம் கத்திரி தொடங்கி நாலாவது நாள், செம்பரம்பாக்கம் பக்கம் வேலை. கடற்காற்று அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்குள் சாயங்காலமே வந்துவிடும். பதினொரு மணிக்கு ஜெனரேட்டர் நின்றது. இருமல் இல்லை, திணறல் இல்லை, யாரோ ஸ்விட்சைத் தட்டியது போல நின்றது. அரைமணி விட்டு ஸ்டார்ட் செய்தால் ஓடும், இருபது நிமிடத்தில் மறுபடி நிற்கும். உள்ளே பட்டுப்புடவையும் முழு மேக்கப்புமாக ஒரு அம்மா நடிகை. மூன்றாவது தடவை நின்றதும் கதவைத் திறந்து, “தம்பி, நான் மரத்தடியிலேயே உட்கார்ந்துக்கிறேன், அங்கே காத்தாவது வருது” என்றார். திட்டியிருந்தால்கூட தேவலை.

அப்புறம் செலவுப் படலம். முதலில் கம்பெனி சர்வீஸ்காரர்களைக் கூப்பிட்டேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. ஆயில், மூன்று ஃபில்டர், இன்ஜெக்டர், டெம்பரேச்சர் சென்சார் எல்லாம் மாற்றினார்கள். பில் 17,600. என் வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினார்கள், நிற்கவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு எது நிற்கும்? மறுநாள் பகலில் பழைய கதைதான். இன்னொருவர் வந்து பார்த்துவிட்டு பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்க வேண்டும், 45,000 ஆகும் என்றார். அதற்குத் தலையாட்டத்தான் இருந்தேன். லைட்மேன் அண்ணன் ஒருவர்தான், “இறக்குறதுக்கு முன்னாடி பாயை ஒரு வார்த்தை கேட்டுடு” என்றார்.

வண்டி அந்தச் சந்துக்குள் நுழையாது. ஸ்கூட்டரில் பாயே வந்தார், கூட ஒரு பையன். வந்தவர் ஸ்பேனரை எடுக்கவில்லை, கேள்விதான் கேட்டார். நிற்பதற்கு முன் திணறுமா? கறுப்புப் புகை வருமா? ராத்திரியில் நிற்குமா? திணறி நின்றால் டீசல் வரும் வழியைப் பார்க்க வேண்டுமாம். சத்தம் அமுங்கிக் கறுப்பாகப் புகைந்தால் லோடு அதிகம். பட்டென்று நின்றால் ஒன்று ஆயில் குறைந்து ஆயில் ஸ்விட்ச் அணைக்கிறது, இல்லையென்றால் சூடு ஸ்விட்ச் அணைக்கிறது. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். ஆயில் சரியாக இருந்தது.

“ரோட்டுல ஓட்டிட்டுப் போறப்போ ஜெனரேட்டர் போடுவீங்களா? அப்போ நிக்குமா?”

யோசித்துப் பார்த்தேன். போன வாரம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மகாபலிபுரம் வரை மத்தியானத்தில் ஏசி போட்டுக்கொண்டு போனேன், நிற்கவே இல்லை. அதாவது வண்டி ஓடினால் ஜெனரேட்டரும் ஓடுகிறது, வண்டி நின்றால் அதுவும் நின்றுவிடுகிறது. இவ்வளவு நாள் இதைக் கவனிக்காமல்தான் 17,600 கொடுத்திருக்கிறேன்.

“போன வெயிலுக்கு நல்லா ஓடிச்சுல்ல? அதுக்கப்புறம் பெட்டியில என்ன பண்ணீங்க?”

இங்கேதான் எனக்கு வேர்த்தது. இப்போது நிறையப் படங்களில் ஸ்பாட்டிலேயே குரலைப் பதிவு செய்கிறார்கள். போன நவம்பரில் ஒரு படத்தில் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் என் ஜெனரேட்டர் சத்தம் மைக்கில் விழுகிறது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டார். வேலை போய்விடுமோ என்று, பெட்டியின் உள்ளே இன்னொரு அடுக்கு ஃபோம் ஒட்டினேன். காற்றுக்கு இருந்த இரண்டு ஜன்னலில் ஒன்றைத் தகரம் வைத்து மூடினேன். டிசம்பர், ஜனவரியில் ஒன்றும் தெரியவில்லை. ஆக, வியாதியை வைத்தவனே நான்தான். பாய் இதைக் கேட்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அடுத்து அவர் கேட்டது, “டேஷ்போர்டுல முருகன் படம் இருக்கே, ஊதுபத்தி இருக்கா?”

ஜெனரேட்டரை ஓடவிட்டு, காற்று உள்ளே போகும் ஜன்னலருகே ஊதுபத்தியைப் பிடித்தார். புகை உள்ளே போனது, ஆனால் சோம்பலாகத்தான் போனது. பிறகு சூடான காற்று வெளியே வரும் ஓட்டைக்குப் பக்கத்தில் பிடித்தார். புகை வெளியே வந்தது, வண்டியின் அடியில் சுருண்டது, ஒரு அடி தள்ளியிருந்த அதே ஜன்னல் வழியாகத் திரும்ப உள்ளே போனது. எஞ்சின் தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறது. ரோட்டில் ஓடும்போது எதிர்க்காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். ஷூட்டிங் ஸ்பாட்டில் நானோ நிழல் வேண்டுமென்று பின்பக்கத்தைக் காம்பவுண்டுச் சுவரில் ஒட்டி நிறுத்துகிறவன். கொரோனா சமயத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த மாதிரி ஒரு சூடு பார்க்கும் துப்பாக்கி அவரிடம் இருந்தது. வண்டியின் வெளித் தகரம் 40 டிகிரி, எஞ்சின் காற்றை இழுக்கும் வாய் 63 டிகிரி.

எனக்கும் ஒரு நப்பாசை, சென்னை வெயில்தானே காரணம் என்று கேட்டேன். 2003 மே 31 அன்று இங்கே 45 டிகிரி அடித்ததை அவரே ஞாபகப்படுத்தினார். அன்றைக்கும் ஜெனரேட்டர்கள் ஓடின என்றார். ஜெனரேட்டர் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் போட்டிருக்கும் கேவிஏ பொதுவாக 25 டிகிரியை வைத்துச் சொல்வது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு ஐந்தரை டிகிரிக்கும் ஒரு சதவீதம்போல சக்தி குறையும், அவ்வளவுதான். 40 டிகிரியில் போவது மூன்று சதவீதம். பெட்டிக்குள் 63 டிகிரியை உண்டாக்குவது வெயில் இல்லை.

ஆனால் வெயில் வேறு வழியில் வந்து கடிக்கிறது. வெளியே சூடு ஏற ஏற ஏசி கம்ப்ரஸர் அதிகம் இழுக்கும். வயரைக் கவ்விக்கொண்டு கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பையன் போட்டான். இரண்டு ஏசியும் ஃப்ரிட்ஜும் விளக்குகளும் சேர்ந்து 14 ஆம்பியர். ஹேர் டிரையரைப் போடச் சொன்னார், 22க்கு எகிறியது. 5 கேவிஏ என்றால் 230 வோல்ட்டில் மொத்தமே 21.7 ஆம்பியர்தான். “அஞ்சு கேவிஏவை மூணே முக்கால்னு நெனச்சுக்கோங்க. டிரையரோ அயர்ன்பாக்ஸோ போட்டா ஒரு ஏசியை அணைச்சிடுங்க. ரெண்டு ஏசியையும் ஒண்ணா போடாதீங்க, நடுவுல ரெண்டு நிமிஷம் விடுங்க.” டச்சப் பையன்களிடம் இதைச் சொல்லிப் புரிய வைப்பது என் தலையெழுத்து.

எஞ்சினைச் சுற்றியிருக்கும் தகர உறையை மட்டும் கழற்றினார். சிலிண்டரைச் சுற்றிச் சூட்டை வெளியே விடும் தகடுகளான ஃபின்களுக்கு நடுவே கடற்கரை மணலும் தூசியும் ஆயில் கசிவில் குழைந்து களி மாதிரி அப்பியிருந்தது. 17,600 ரூபாய்க்கு இதை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு டீசலில் தோய்த்த பிரஷ்ஷால் தேய்த்து, கம்ப்ரஸர் காற்றால் ஊதினார். சூடான எஞ்சினில் தண்ணீர் அடிக்கவே கூடாது, வெடிப்பு விடும் என்றார். நான் அடித்திருக்கிறேன். சொல்லவில்லை.

அப்போதுதான் சைலன்சர் இணைப்பில் கரி படிந்திருப்பதைப் பார்த்தார், இணைப்பை அடைக்கும் கேஸ்கட் வழியாகப் புகை கசிகிறது. அதுவரை நிதானமாக இருந்தவர் முகம் மாறியது. 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரையில் கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தது எல்லோருக்கும் தெரியும். ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியிருந்தது. அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. “சூடு அப்புறம் பார்ப்போம், முதல்ல இது” என்று கேஸ்கட்டை மாற்றி, பெட்டிக்கும் அறைக்கும் நடுவே வயர் போகும் ஓட்டைகளை அடைத்து, ரிச்சி தெருவுக்கு ஆள் அனுப்பி ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி மாட்டிய பிறகுதான் மற்ற வேலையைத் தொட்டார். இந்த ஒரு காரியத்துக்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டவன்.

மற்ற வேலை என்பது காற்றுக்கு வழி விடுவதுதான். நான் மூடிய ஜன்னலைத் திறந்து, இழுக்கும் வாய்க்குப் பக்கத்தில் இருந்த ஃபோமை உரித்தார். எஞ்சினிலிருந்து சூடான காற்று வரும் இடத்துக்கும் வெளி ஓட்டைக்கும் நடுவே கேன்வாஸ் துணியில் ஒரு குழாய் மாதிரி தைத்து மாட்டினார். ஓட்டையையே வண்டியின் மறுபக்கத்துக்கு மாற்றிவிட்டார், விட்ட சூடு இழுக்கும் பக்கம் வராது. சைலன்சர் குழாய்க்குக் கண்ணாடி நார்ப் பட்டை சுற்றினார். பெட்டியின் மேல் மூலையில் பழைய மாருதியின் ரேடியேட்டர் விசிறி ஒன்று, பேட்டரியில் ஓடும்; ஜெனரேட்டரை அணைத்த பிறகும் பெட்டி ஆறும் வரை சுற்றும். புதுப்பேட்டையில் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் கிடைக்கிற சாமான். அப்படியும் உடனே அணைக்காமல், லோடை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைக்க வேண்டும் என்றார்.

சத்தம்? அதுதான் என் பயம். காற்று போகும் இரண்டு வழியிலும் தகரத்தை வளைத்து உள்ளே ஃபோம் ஒட்டினார். “காத்து வளைஞ்சு போயிடும். சத்தத்துக்கு வளையத் தெரியாது” என்றார். முக்கால்வாசி உண்மை. கிர்ரென்ற சத்தம் அடங்கிவிட்டது, அடித்தொண்டையில் ஒரு உறுமல் மட்டும் பாக்கி இருக்கிறது. ஷாட் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டியிருந்தால் இன்னும் முப்பது அடி தள்ளிப் போடுகிறேன்.

வேலை முடிந்த மறுவாரம், 41 டிகிரி, செம்பரம்பாக்கத்தில் அதே இடம். காலை ஒன்பதரையிலிருந்து லஞ்ச் பிரேக் தாண்டி நாலு மணி வரை ஓடியது. இழுக்கும் வாய் 44 டிகிரிக்கு மேல் போகவில்லை. துப்பாக்கியை நானும் ஒன்று வாங்கிவிட்டேன்.

மொத்தம் 13,500 வாங்கினார். அலாரம், விசிறி, துணி எல்லாம் இதில் அடக்கம். குறை இல்லாமல் இல்லை. இரண்டு நாள் என்று சொல்லி ஐந்து நாள் இழுத்தார், அதில் எனக்கு ஒரு கால்ஷீட் போனது. பில் கேட்டால் சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதித் தருகிறார், கணக்கில் காட்ட வேண்டியவர்களுக்கு ஆகாது. போனை எடுக்கவே மாட்டார். கூட வரும் பையனை நாலு பேர் முன்னால் போட்டுத் திட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. அவன்தான் கேன்வாஸை அவ்வளவு நேர்த்தியாகத் தைத்தான். புதிய தகரத்துக்குப் பெயின்டும் அடிக்கவில்லை, நான்தான் அடித்துக்கொண்டேன். ஐந்துக்கு நாலு மதிப்பெண் கொடுப்பேன்.

போகிறவர்கள் காலை பத்து மணிக்குள் நேரில் போங்கள். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடை அடைத்திருக்கும். வண்டியைப் பார்க்க அவர் வந்தால் மறக்காமல் ஊதுபத்தி எடுத்து வைத்திருங்கள். என் கட்டில் மிச்சமிருந்ததைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.