சின்ன ஏரி ட்ரவுட்டுக்கு 9 அடி, 5 வெயிட் ராட்

ஃப்ளை ஃபிஷிங்கில் ட்ரவுட் மீன் பிடிக்க, சின்ன ஏரிதானே, 7 அடி ராட் (தூண்டில் கழி) போதும் என்று நினைத்து முதலில் ஒன்று வாங்கினேன், அது தப்பு. கரையில் நிற்கும்போது பின்னால் புதர் இருக்கும், குட்டை ராடில் லைனைப் பின்னால் வீசினால் ஃப்ளை (பூச்சி போலக் கட்டிய தூண்டில் முள்) நேராகப் போய் அதில்தான் சிக்கும். இப்போது கையில் இருப்பது 9 அடி, 5 வெயிட் (ராடுக்கு ஏற்ற லைனின் கனத்தைச் சொல்லும் எண்), நான்கு துண்டாகக் கழற்றும் கிராஃபைட் ராட். ஃப்ளைக்கு எடையே கிடையாது, அதைச் சுமந்து போவது லைன்தான். 5 வெயிட் லைனின் முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்கும், லேசான காற்றிலும் நேராக விரிகிறது. காற்றே இல்லாத இடமென்றால் 4 வெயிட் இன்னும் மென்மையாக இறங்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதன் மீடியம் ஆக்‌ஷன், அதாவது நடுத்தரமான வளைவு. மீன் காலடிக்கு வந்ததும் கடைசியாக ஒரு திமிறு திமிறும், அந்த நேரத்தில் ராடின் மேல்பாதி முழுக்க வளைந்து கொடுப்பதால் மெல்லிய 6எக்ஸ் டிப்பெட் (ஃப்ளையைக் கட்டும் நுனி நரம்பு) கூட அறுவதில்லை. விறைப்பான ஃபாஸ்ட் ராடில் இரண்டு நல்ல மீனை அப்படித்தான் விட்டேன், இன்னும் மனசு ஆறவில்லை.

குறை ஒன்று உண்டு: வீச வீச மேல் துண்டின் இணைப்பு தளர்கிறது, அவ்வப்போது பார்த்து அழுத்திவிட வேண்டும். அப்புறம், ரீலுக்கு (லைனைச் சுற்றி வைக்கும் உருளை) பணத்தைக் கொட்டாதீர்கள், மிச்சத்தை நல்ல லைனில் போடுங்கள்.