டீரிங் குட்-டைம் பாஞ்சோ: சி மேஜர் எவ்வளவு சுத்தமாக விழுகிறது?

ஐந்து கம்பி பாஞ்சோவில் முதல் மேஜர் கார்டுக்கு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் தொகுப்பு) இடது கையே வேண்டாம். வழக்கமான ஜி சுருதியில், ஐந்தாம் கம்பியில் தொடங்கி வரிசையாக ஜி, டி, ஜி, பி, டி என்று வைத்து எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஜி மேஜர் வந்துவிடும். அதனால்தான் எந்த பாஞ்சோவை எடுத்து மீட்டிப் பார்த்தாலும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். கருவியின் லட்சணம் அடுத்த கார்டில், சி மேஜரில்தான் தெரியும். கலிஃபோர்னியாவில் டீரிங் நிறுவனம் செய்யும் ஆரம்பநிலைக் கருவியான குட்-டைமை அந்த ஒரு கார்டை வைத்தே இங்கே எடைபோடுகிறோம்.

கருவி எளிமையானது. 11 அங்குல மேப்பிள் வளையம், கழுத்தில் குறுக்கே பதித்த 22 ஃப்ரெட் கம்பிகள், பின்மூடி இல்லாத திறந்த முதுகு. எடை 2 கிலோவுக்குள். ஐந்தாம் கம்பியின் முறுக்காணிக்கும் பல்சக்கரம் உண்டு. இது சின்ன விஷயமில்லை. மலிவான சில பாஞ்சோக்களில் அந்த ஆணி வெறும் உராய்வில் நிற்கும். அரைச் சுற்றில் சுருதி எங்கோ ஓடிவிடும்.

இப்போது சி மேஜர். ஆள்காட்டி விரல் இரண்டாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டில், நடுவிரல் நான்காம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டில், மோதிர விரல் முதல் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டில். மூன்றாம் கம்பியும் ஐந்தாம் கம்பியும் திறந்தே இருக்கும். இரண்டும் ஜி, சி மேஜருக்குச் சொந்தமான சுரம்தான். விரல் நுனி ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் இறங்க வேண்டும். ஃப்ரெட்டின் மேலேயே வைத்தால் ஒலி மங்கும், ரொம்பப் பின்னால் வைத்தால் கரகரக்கும்.

பெரும்பாலும் கெடுவது மூன்றாம் கம்பி. ஆள்காட்டி விரல் ஒரு பக்கமும் நடுவிரல் மறுபக்கமும் அதை நெருக்கும். ஆள்காட்டி விரல் முதல் கம்பியில் உரசினால் பரவாயில்லை, அந்தக் கம்பி இரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தப்பட்டிருப்பதால் ஒலி கெடாது. மூன்றாம் கம்பியில் உரசினால் மட்டும் 'டக்' என்று கட்டை தட்டிய சத்தம் வரும். எனவே கார்டைப் பிடித்ததும் மொத்தமாக மீட்டாமல், நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் கேளுங்கள். கழுத்து மெலிந்த கருவி என்பதால் கம்பிகளுக்கு இடையே தாராளமான இடம் கிடையாது. தடித்த விரல்காரர்கள் விரல்களைச் செங்குத்தாக இறக்கிப் பழகியே ஆக வேண்டும். அதே மெலிவு சிறிய கைகளுக்குச் சாதகம். கட்டைவிரல் கழுத்தின் பின்னால் நடுவில் இருந்தால் மற்ற விரல்கள் தானாக வளையும்.

விரல் சரியாக இருந்தும் கார்ட் புளித்தால் கருவியைப் பாருங்கள். திறந்த பி கம்பியைச் சுருதி கூட்டிவிட்டு முதல் ஃப்ரெட்டை மெதுவாக அழுத்துங்கள். சுருதிமானி சி-க்கு மேல் காட்டினால் இரண்டு காரணங்களில் ஒன்று. ஒன்று, அழுத்தம் அதிகம். பாஞ்சோ கம்பிகள் மெல்லியவை, கிட்டார் பிடிப்பதுபோல நசுக்கினால் சுரம் ஏறிவிடும். அல்லது நட்டின் (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் பதியும் பட்டை) பள்ளம் ஆழம் போதாது. மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவே இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் பள்ளத்தை அரத்தால் ஆழப்படுத்தத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒரு இழுப்பு கூடினாலும் கம்பி ஃப்ரெட்டில் தட்டும், பிறகு நட்டையே மாற்ற வேண்டிவரும்.

பெட்டியைத் திறந்ததும் பார்க்க வேண்டியது பிரிட்ஜ், அதாவது தோலின் மேல் நின்று கம்பிகளைத் தாங்கும் துண்டு. பாஞ்சோவின் பிரிட்ஜ் ஒட்டப்பட்டதல்ல, கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது, பயணத்தில் நகர்ந்திருக்கும். குட்-டைமில் கம்பி நீளம் 26¼ அங்குலம். ஆக, நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் வரை 13⅛ அங்குலம், அங்கிருந்து பிரிட்ஜ் வரையும் ஏறக்குறைய அதே அளவு. பிறகு காதால் சரிபாருங்கள்: 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரம், அதே இடத்தில் விரலை லேசாகத் தொட்டு எழுப்பும் இழை ஒலியைவிட ஏறியிருந்தால் பிரிட்ஜை வால்பக்கம் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் கழுத்துப் பக்கம். கம்பிகளைச் சற்றுத் தளர்த்திக்கொண்டு, பிரிட்ஜின் அடியைப் பிடித்து நகர்த்த வேண்டும். எல்லாக் கம்பிகளையும் ஒரேயடியாகக் கழற்றினால் பிரிட்ஜ் விழுந்துவிடும்.

வளையத்தின் மேல் இழுத்துக் கட்டிய தோலும் சி மேஜரைக் கெடுக்கும். பிளாஸ்டிக் தோல் போகப்போகத் தளரும், பிரிட்ஜ் அமிழும், கம்பி தாழ்ந்து ஃப்ரெட்டில் தட்டும். சுற்றியுள்ள கொக்கிகளின் திருகு நட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றும் எட்டில் ஒரு சுற்றுக்கு மிகாமல் முறுக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் வளையம் சாய்ந்துவிடும். வெறியோடு முறுக்கினால் தோலே கிழியும்.

எஃப் மேஜர் கார்டின் வடிவம் நான்கு விரலையும் கேட்கும்: நான்காம், முதல் கம்பிகளில் மூன்றாம் ஃப்ரெட், மூன்றாம் கம்பியில் இரண்டு, இரண்டாம் கம்பியில் ஒன்று. இந்தக் கம்பி நீளத்தில் அது சிறிய கைக்குக் கஷ்டம். அப்படிப்பட்டவர்கள் இதே வரிசையில் வரும் கழுத்து குட்டையான பார்லர் மாடலைப் பார்க்கலாம். அதுவரை, ஒரே விரலால் நான்கு கம்பிகளையும் குறுக்கே அழுத்தினால் ஐந்தாம் ஃப்ரெட்டில் சி, ஏழில் டி. டி பிடிக்கும்போது ஐந்தாம் கம்பியைத் தொடாதீர்கள், அந்த ஜி ஒட்டாது.

ஒலி மென்மையானது, வீட்டில் பழகத் தோது. கிட்டார், மேண்டலின், ஃபிடில் எல்லாம் சேர்ந்த புளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புற இசை வகை) குழுவில் அமுங்கிவிடும். அந்த எண்ணம் இருந்தால் பின்மூடியுள்ள குட்-டைம் டூ-வை வாங்குவதே உசிதம். பிறகு மாற்றுவதைவிட அது மேல்.

தோள்வாரைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள். கழுத்தை இடது கை தாங்கிப் பிடிக்கும் வரை அந்தக் கைவிரல்கள் சி மேஜரில் நிம்மதியாக இறங்காது. வாரின் இரு முனைகளையும் கொக்கிகளில் மாட்டினால் போதும், ஓட்டை போட வேண்டாம். கைத்தாங்கியும் இதில் கிடையாது. கொக்கி முனைகள் வலது முன்கையில் உறுத்தும், முழுக்கைச் சட்டை போட்டு வாசித்தால் சமாளிக்கலாம்.