மாயா லின்: பிளந்த நிலமும் அலையெழுந்த நிலமும்

அமெரிக்கச் சிற்பியும் வடிவமைப்பாளருமான மாயா லின் நிலத்தையே கலைப்பொருளாக்கும் விதத்தை அறிய விரும்புவோர், வாஷிங்டனிலுள்ள வியட்நாம் போர் வீரர் நினைவிடத்தையும் (1982), நியூயார்க் மாநிலத்தில் ஸ்டார்ம் கிங் என்னும் திறந்தவெளிச் சிற்பப் பூங்காவிலுள்ள அலைவெளியையும் (2009) ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முன்னது, யேல் பல்கலைக்கழக மாணவியாக இருந்த அவர் 21 வயதில் அளித்து, 1,421 வடிவமைப்புகளுள் தேர்வானது. பாதை தாழத் தாழ, இரு கறுப்புக் கிரானைட் சுவர்கள் சுமார் 10 அடி வரை உயர்ந்து, 58,000-க்கும் மேற்பட்ட பெயர்களைப் பதவி வேறுபாடின்றி, உயிரிழந்த கால வரிசையில் தாங்கி நிற்கின்றன. 1959-இல் தொடங்கும் பட்டியலின் முதற்பெயர்களும் 1975-இல் முடியும் கடைசிப் பெயர்களும் சுவர்கள் கூடும் மூலையில் சந்திக்கின்றன. மெருகேறிய கல்லில், பெயர்களின் மீதே பார்ப்பவரின் முகமும் படிகிறது.

அலைவெளியில் எழுத்தே இல்லை. சரளைக்கல் தோண்டியெடுக்கப்பட்ட பழைய குழி, ஏழு வரிசைப் புல்மேடுகளாக மாறியிருக்கிறது. அவற்றின் நடுவே இறங்குபவருக்கு அடுத்த வரிசை கண்ணுக்கு மறைந்துவிடும்.

நிலத்தின் சரிவே துக்கத்தின் பாதையாகிவிடுவதால், நினைவிடத்தையே நான் மேலானதாகக் கருதுகிறேன். ஆயினும், சிதைந்த நிலத்தை மீட்கும் அக்கறையை அலைவெளியில்தான் தெளிவாகக் காணலாம்.