எல்-1 என்பதை ஆர்டர் என்று நம்பி 1,62,000 ரூபாய் விட்டேன்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் ஷேர் வாங்குகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். சத்துவாச்சாரியில் மாடியில் ஒரு அறை பிடித்து 'பங்குச்சந்தைப் பயிற்சி' நடத்தும் ஒருவரிடம் ஏமாந்துவிட்டேன். வகுப்பு இன்னும் நடக்கிறது, புது ஆட்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள்.

நான் இன்டர்நெட் ஃபைபர் கேபிளுக்கு ஜாயின்ட் போடும் சப்-கான்ட்ராக்டர். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு இன்டர்நெட் கொண்டுபோகும் பாரத்நெட் திட்டத்தில் அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு சின்ன கம்பெனியின் ஜாயின்ட் பெட்டியை எத்தனையோ கம்பத்தில் என் கையாலேயே மாட்டியிருக்கிறேன். ரப்பர் சரியாக உட்காரும், ஐப்பசி மழையிலும் உள்ளே தண்ணீர் இறங்காது. வகுப்பில் அவர் அதே கம்பெனியின் பெயரைச் சொன்னதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். "நீங்க இந்த லைன்லயே இருக்கீங்க சார், உங்களுக்குத் தெரியாததா? பி.எஸ்.என்.எல். ஆர்டர் வந்தாச்சு, யாரும் இன்னும் கவனிக்கல" என்றார். ஆலோசனைக் கட்டணம் 15,000 ரூபாய், ரொக்கம். ரசீது கேட்டேன், அப்புறம் தருகிறேன் என்றார்.

2022-ல் மாத வட்டி ஆசையில் நம்ம மாவட்டத்தில் எத்தனை குடும்பம் அடிபட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அப்போது நான் சிக்கவில்லை. இது பங்கு, என் டீமேட் கணக்கில் என் பெயரில்தானே இருக்கிறது என்ற தைரியத்தில் 3,000 பங்குகளைச் சராசரி 92 ரூபாய்க்கு வாங்கினேன்.

அவர் 'ஆர்டர்' என்று காட்டியது கம்பெனி பங்குச்சந்தைக்குக் கொடுத்த அறிவிப்பு. டெண்டரில் எல்-1 வந்திருக்கிறோம் என்றுதான் அதில் இருந்தது. எல்-1 என்றால் எல்லோரையும் விடக் குறைந்த விலை போட்டவர், அவ்வளவுதான். அதற்கப்புறம் அட்வான்ஸ் பர்ச்சேஸ் ஆர்டர், பேங்க் கியாரண்டி, பிறகுதான் பர்ச்சேஸ் ஆர்டர். நடுவில் டெண்டரே ரத்தாவதும் உண்டு. சரக்கு போய்ச் சேர்ந்து பில் பாஸாகிப் பணம் வருவது தனிக் கதை. என் பில்லே எட்டு மாதமாக நிற்கிறது. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, இருந்தும் அன்றைக்கு யோசிக்கவில்லை.

தினமும் 5 சதவீத அப்பர் சர்க்யூட் (ஒரு நாளில் விலை ஏறக்கூடிய உச்ச வரம்பு) அடித்து 118-க்குப் போனது. விற்கட்டுமா என்று கேட்டேன். "200 வரும், கை வைக்காதீங்க" என்றார். மறுநாளே லோயர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் இறங்கக்கூடிய கடைசி வரம்பு. காலை 9 மணிக்கே விற்க ஆர்டர் போட்டுவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். விற்பவர் பக்கம் லட்சக்கணக்கில் பங்கு, வாங்குபவர் பக்கம் சைபர். மூன்றரை மணிக்கு ஆர்டர் தானாகக் காலாவதியாகும். இப்படியே 22 நாள். கடைசியில் 38 ரூபாய்க்குத்தான் ஆள் கிடைத்தது. அத்தனை நாளில் அவர் ஒரே ஒருமுறை போன் எடுத்தார். "மார்க்கெட்னா ரிஸ்க் இருக்கும் சார்" என்று வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் ஆண்டறிக்கையை எடுத்து உட்கார்ந்தேன். வருட விற்பனை 86 கோடி, வரவேண்டிய பாக்கி 71 கோடி. அதாவது ஏறக்குறைய பத்து மாத விற்பனைக்குப் பணமே வரவில்லை. லாபம் 6 கோடி என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் கேஷ் ஃப்ளோ (நிஜமாக வந்த, போன பணத்தின் கணக்கு) பக்கத்தில் தொழிலில் வந்த பணம் மைனஸ் 9 கோடி. புரமோட்டர் (கம்பெனி முதலாளிகள்) பங்கு ஒரே வருடத்தில் 58 சதவீதத்திலிருந்து 41-க்கு இறங்கியிருக்கிறது. நான் வாங்கிய காலாண்டில்தான் அதிகம் விற்றிருக்கிறார்கள். காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் இந்தப் பங்கு விவரத்தைக் கம்பெனி தாக்கல் செய்தாக வேண்டும். பி.எஸ்.இ. (மும்பை பங்குச்சந்தை) தளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். முந்தைய காலாண்டுகளின் கணக்கு நான் வாங்கும்போதே அங்கே இருந்தது.

பெட்டி நல்ல பெட்டிதான், இன்றைக்கும் அதையே சொல்வேன். பெட்டி வாங்கியவர்கள் காசு கொடுத்தார்களா என்றுதான் நான் பார்க்கவில்லை.

காசு வாங்கிக்கொண்டு பங்கு சொல்ல செபி (பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவு வேண்டும். ஆலோசகர் எண் ஐ.என்.ஏ. என்றும், ஆய்வாளர் எண் ஐ.என்.ஹெச். என்றும் தொடங்கும். செபி தளத்தில் தேடினேன், இவர் பெயர் இல்லை. கேட்டால் "நான் பாடம்தான் நடத்துறேன்" என்கிறார். பாடம் மட்டும் நடத்துகிறவர்கள் முந்தைய மூன்று மாத விலையை வைத்துப் பங்குகளைப் பற்றிப் பேசக்கூடாது என்று 2025 ஜனவரியில் செபி தெளிவாகச் சொன்னது. இவர் அன்றன்றைய விலையைத் திரையில் போட்டுத்தான் பேசினார்.

எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன், செபிக்கும் எழுதியிருக்கிறேன். அங்கே பணம் கட்டியவர்கள் வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியேறுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போன வாரத்திலிருந்து பழைய மெசேஜ்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறார்.